பிரிண்டர் பழுதானால் பாகம் மாற்றுவதா, புதிது வாங்குவதா?

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கிறது. கடையில் சரக்கு இருக்கிறது, ஆள் இருக்கிறது, வாடிக்கையாளர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பில் மட்டும் வரவில்லை. ரங்கநாதன் தெருவிலோ உஸ்மான் ரோட்டிலோ கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த நிலைமையை விவரிக்கத் தேவையில்லை. அவசரமாக வரவழைத்த மெக்கானிக் "ஹெட் போய்விட்டது சார், மாற்ற வேண்டும்" என்றால் சரி என்கிறோம். "இதற்குச் செலவு செய்வது வீண், புதிது வாங்கிவிடுங்கள்" என்றால் அதற்கும் சரி என்கிறோம். நூறு ரூபாய்ச் சரக்கில் ஐம்பது காசுக்குப் பேரம் பேசுகிற நாம், பிரிண்டர் விஷயத்தில் மட்டும் பிறர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்வது ஏன்? அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியாததுதான் காரணம். எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எந்தப் பாகம் எதற்கு, எது எத்தனை நாள் வரும், எந்தக் கோளாறுக்கு எது காரணம் என்கிற அளவுக்குத் தெரிந்தால் போதும்.

நம் கடைகளில் இருக்கும் பிரிண்டர்களைப் பார்த்தால், மொத்த வியாபாரிகளிடமும் லாரியில் சரக்கு அனுப்புகிறவர்களிடமும் டாட் மேட்ரிக்ஸ் இருக்கிறது. ஜவுளி, மளிகை, மருந்து, ஓட்டல் முதலான சில்லறைக் கடைகளில் சிறிய ரோலில் பில் தரும் தெர்மல் இருக்கிறது. கணக்கு அறையில் ஒரு லேசரோ, மை ஊற்றும் டேங்க் பிரிண்டரோ இருக்கும். மூன்றுக்கும் ஒரே விடை கிடையாது. ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டே பத்து வருஷம் ஓட்டலாம். இன்னொன்றைப் பழுது பார்ப்பதே நஷ்டம்.

பொதுவாகச் சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு. பழுதுச் செலவு புதிய பிரிண்டர் விலையில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்கு, தாண்டாவிட்டால் பழுது பார் என்பது அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை. பழுது பார்த்த பிறகு அது எத்தனை வருஷம் ஓடும் என்பதை இந்தக் கணக்கு கேட்பதே இல்லை. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் கம்ப்யூட்டரைக் கழற்றுங்கள்

பிரிண்டர் மீது சுமத்தப்படும் குற்றங்களில் கணிசமானவை பிரிண்டருடையவை அல்ல. கேபிள், கம்ப்யூட்டரில் உள்ள டிரைவர், பில் போடும் சாப்ட்வேர், இவற்றில் ஏதோ ஒன்று தகராறு செய்யும். பழி பிரிண்டருக்கு.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். கேபிளைக் கழற்றிவிடுங்கள். பிரிண்டரை நிறுத்தி, பேப்பரை நகர்த்தும் பொத்தானை அழுத்திக்கொண்டே மீண்டும் சுவிட்சைப் போடுங்கள். பெரும்பாலான டாட் மேட்ரிக்ஸ், தெர்மல் பிரிண்டர்கள் தாமாகவே ஒரு சோதனைத் தாளை அச்சிட்டுக் காட்டும். அது சுத்தமாக வந்தால் பிரிண்டர் நன்றாக இருக்கிறது, கோளாறு வெளியே. அதிலும் எழுத்து உடைந்து வந்தால்தான் பிரிண்டரைத் திறக்க வேண்டும். இந்த ஒரு நிமிஷச் சோதனையைச் செய்யாமலே புதுப் பிரிண்டர் வாங்கி, அதிலும் பில் வராமல் விழிப்பவர்கள் உண்டு.

டாட் மேட்ரிக்ஸ்

இந்த இயந்திரத்தை ஒழிந்துவிட்டது என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒழியவில்லை. ஜி.எஸ்.டி. விதிகளின்படி சரக்கு விற்பனைப் பில் மூன்று பிரதி வேண்டும்; ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று வண்டிக்காரருக்கு, ஒன்று நமக்கு. கார்பன் வைத்து ஒரே அடியில் மூன்றும் எடுப்பது டாட் மேட்ரிக்ஸ் மட்டுமே. எப்சன் எல்.எக்ஸ். வரிசையும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ். எலக்ட்ரானிக்ஸின் எம்.எஸ்.பி. வரிசையும் நம் ஊர்க் கடைகளில் பரவலாக இருப்பதற்கு இதுவே காரணம். எப்சன் என்ற பெயரே பிரிண்டரிலிருந்து வந்ததுதான். 1968இல் வந்த அவர்களுடைய இ.பி. 101 என்ற சிறு பிரிண்டரின் பெயரோடு, மகன் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து 1975இல் அந்தப் பெயரை வைத்தார்கள்.

இதன் ஹெட்டில் 9 ஊசிகள் அல்லது 24 ஊசிகள் இருக்கும். ஒவ்வொரு ஊசிக்குப் பின்னாலும் ஒரு காந்தச் சுருள். சுருளில் மின்சாரம் பாயும்போது ஊசி ரிப்பனை அடித்துத் தாளில் ஒரு புள்ளி வைக்கிறது. ஒரு ஊசி வேலை செய்யாவிட்டால் எழுத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடும். இதைச் சிலர் "கொஞ்சம் அழகு குறைவு, அவ்வளவுதான்" என்று விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. 9 ஊசிப் பிரிண்டரில் நடுவிலுள்ள ஊசி போனால் 8 என்ற எண்ணின் நடுக்கோடு மறைந்து அது 0 மாதிரி தெரியும். 1,800 ரூபாய்ப் பில் 1,000 என்று படிக்கப்பட்டால் தகராறு யாருக்கு?

வெள்ளைக் கோடு என்றதும் ஹெட்டைத்தான் சொல்வார்கள். ஆனால் அதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். ஊசி உடைந்திருக்கலாம். சுருள் எரிந்திருக்கலாம். ஹெட்டுக்குப் போகும் தட்டை கேபிள், இடமும் வலமும் லட்சக்கணக்கான முறை மடங்கி மடங்கி உள்ளே ஒரு கம்பி அறுந்திருக்கலாம். அல்லது போர்டில் அந்த ஊசியை இயக்கும் டிரான்சிஸ்டர் போயிருக்கலாம். கேபிள் என்றால் செலவு சொற்பம். இதில்தான் நாம் மிகவும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. போர்டில் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டால் சுருளுக்கு மின்சாரம் விட்டு விட்டுப் போகாமல் தொடர்ந்து போகும், சுருள் எரியும். அதைக் கவனிக்காமல் புது ஹெட்டைப் பொருத்தினால், புது ஹெட்டும் சில நிமிஷங்களில் எரிந்துபோகும். ஆகவே ஹெட் மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் "போர்டைப் பார்த்தாயிற்றா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மீட்டர் வைத்து ஒவ்வொரு சுருளின் தடையையும் அளந்து, மற்றவற்றோடு ஒப்பிட்டுச் சொல்பவர் தொழில் தெரிந்தவர். பார்த்த மாத்திரத்தில் சொல்பவரிடம் கொஞ்சம் நிதானியுங்கள்.

ஊசி ஏன் உடைகிறது? தானாக உடைவதைவிட நாம் உடைப்பதே அதிகம். ரிப்பனில் உள்ள மை வெறும் மையல்ல. ஊசிக்கு எண்ணெயும் அதுதான். எழுத்து மங்கிய பிறகும் இன்னும் ஒரு வாரம் ஓட்டுவோம் என்று காய்ந்த ரிப்பனை வைத்திருந்தால் ஊசி உலர்ந்து தேயும். ரிப்பன் துணி நைந்து நூல் பிரிந்தால் ஊசி அதில் மாட்டிக்கொண்டு வளையும். ஸ்டாம்பு மை ஊற்றிப் புதுப்பித்த ரிப்பன் இன்னும் மோசம். அந்த மை காய்ந்து ஊசித் துளையை அடைத்துவிடும். இதோடு, தாளின் கனத்துக்கு ஏற்ப ஹெட் இடைவெளியை மாற்றும் சிறிய நெம்புகோல் ஒன்று பக்கத்தில் இருக்கிறது. மூன்று பிரதித் தாளை வைத்துவிட்டு நெம்புகோலை ஒற்றைத் தாளின் இடத்திலேயே விட்டுவிடுவது நம் கடைப் பையன்களின் வழக்கம். ரிப்பனில் மிச்சம் பிடித்தது ஹெட்டில் பல மடங்காகப் போகும்.

தமிழில் பில் போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆங்கில எழுத்துகளும் எண்களும் பிரிண்டருக்குள்ளேயே இருக்கின்றன. தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் படம் போலப் புள்ளி புள்ளியாக அனுப்பப்படுகின்றன. அதனால் நேரமும் அதிகம், ஊசிக்கு வேலையும் அதிகம். கடை பெயர், முகவரியைத் தாளிலேயே தமிழில் அச்சடித்து வாங்கிக்கொண்டு, மாறும் விவரங்களை மட்டும் பிரிண்டரில் போட்டால் தமிழும் இருக்கும், ஹெட்டும் இருக்கும்.

நம் கருத்து இதுதான்: டாட் மேட்ரிக்ஸில் கேபிள், பெல்ட், ரோலர், பேப்பர் இழுக்கும் டிராக்டர், ரிப்பன் மறைப்புத் தகடு, ஒரு ஹெட், இவை எதுவானாலும் தயங்காமல் பழுது பாருங்கள். ஒரு ஊசி மட்டும் போயிருந்தால் ஊசி மாற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள். அவசரத்துக்கு நல்லது, ஆனால் புது ஹெட்டின் ஆயுளை எதிர்பார்க்கக் கூடாது. ஹெட்டும் போர்டும் சேர்ந்து போயிருந்தால் அங்கே நின்று கணக்குப் போட வேண்டும்.

அந்தக் கணக்கு

ஒரு டாட் மேட்ரிக்ஸ் புதிதாக 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலை மாடலுக்கு மாடல் மாறும், கணக்குக்காகச் சொல்கிறோம். அது எட்டு வருஷம் உழைத்தால் வருஷத்துக்கு 1,750 ரூபாய் ஆகிறது. உங்கள் பழைய பிரிண்டருக்கு ஹெட் மாற்ற 4,500. மற்றதெல்லாம் நன்றாக இருந்து இன்னும் மூன்று வருஷம் ஓடும் என்றால் வருஷத்துக்கு 1,500. பழுது பார்ப்பது சரி. அதே பிரிண்டருக்கு ஹெட், போர்டு இரண்டும் சேர்த்து 6,500 கேட்கிறார்கள். பாதி விலை 7,000. ஆகவே "பாதிக் கணக்கு" இதையும் பழுது பார்க்கத்தான் சொல்லும். ஆனால் ரோலர் தேய்ந்து, கியர் ஆடிக்கொண்டிருக்கும் அந்தப் பழைய உடம்பு இரண்டு வருஷம்தான் தாங்கும் என்றால் வருஷத்துக்கு 3,250 ஆகிறது. புதிது வாங்குவதே லாபம். வருஷக் கணக்காகப் பிரித்துப் பார்த்தால் தவறு நேராது.

இதில் வரியையும் சேர்க்க வேண்டும். பிரிண்டருக்கும் உதிரி பாகத்துக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. வழக்கமான முறையில் பதிவு செய்தவர்கள் இந்த வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், பில் இருந்தால். 4,000 ரூபாய்ப் பழுதுக்கு 720 வரி போட்டு 4,720க்குப் பில் தருபவரும், பில் இல்லாமல் 4,500 கேட்பவரும் இருந்தால், நமக்கு உண்மையில் மலிவானவர் பில் தருபவர்தான். 720ஐத் திரும்ப எடுத்துவிடுகிறோம். தவிர, பில் இல்லாத பாகத்துக்கு வாரண்டி கேட்டு எங்கே போவது? காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது; அவர்களுக்கு 14,000 ரூபாய்ப் பிரிண்டர் என்பது முழுசாக 16,520 ரூபாய். ஆகவே ஒரே தெருவில், ஒரே மாடல் வைத்திருக்கும் இரண்டு கடைக்காரர்களுக்கு விடை வேறு வேறாக வரலாம். உள்ளீட்டு வரி எடுத்தவர்கள் அந்த வரித் தொகைக்கும் சேர்த்துத் தேய்மானம் எழுதக் கூடாது என்பதை ஆடிட்டரிடம் நினைவுபடுத்துங்கள்.

தெர்மல்

இங்கே விஷயம் தலைகீழ். தெர்மல் பிரிண்டரில் ரிப்பனும் இல்லை, மையும் இல்லை. தாளில்தான் ரசாயனம் பூசியிருக்கிறது; ஹெட்டில் உள்ள நுண்ணிய சூட்டுப் புள்ளிகள் பட்ட இடம் கறுக்கிறது. வழக்கமான 3 அங்குலப் பிரிண்டரில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள். அச்சாகும் 72 மில்லிமீட்டர் அகலத்துக்கு 576 புள்ளிகள். தாள் இந்த ஹெட்டை உரசிக்கொண்டே போகிறது. அதனால் ஹெட்டின் ஆயுளைப் பக்கக் கணக்கில் சொல்வதில்லை, கிலோ மீட்டர் கணக்கில் சொல்கிறார்கள். டயருக்குச் சொல்வது போலத்தான்.

100 கிலோ மீட்டர் என்று ஒரு ஹெட்டுக்குப் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு மளிகைக் கடை. ஒரு பில் 20 சென்டிமீட்டர். நாளைக்கு 300 பில். ஒரு நாளைக்கு 60 மீட்டர். வருஷத்தில் 360 நாள் திறந்தால் 21.6 கிலோ மீட்டர். நாலரை வருஷம் வரும். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் ஒரு கவுண்டரில் நாளைக்கு 1,000 பில், 25 சென்டிமீட்டர் வீதம் என்றால் 250 மீட்டர். அதே ஹெட் 400 நாளில் தீர்ந்துவிடும். ஆகவே "எனக்கு ஒரு வருஷத்திலேயே போய்விட்டது, கம்பெனி சரியில்லை" என்று சொல்லுமுன் எத்தனை கிலோ மீட்டர் ஓடியது என்று பார்ப்பது நியாயம். அடையாறில் ஒரு சின்ன மருந்துக் கடைக்காரர் அதே பிரிண்டரை வைத்துக்கொண்டு எட்டு வருஷம் ஓட்டலாம்.

பில்லில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு வந்தால் ஹெட்டில் ஒரு புள்ளி இறந்திருக்கிறது, அல்லது அங்கே அழுக்கு ஒட்டியிருக்கிறது. முதலில் அழுக்கு என்றே எண்ணிக்கொள்ளுங்கள். பிரிண்டரை நிறுத்தி, சூடு ஆறிய பிறகு, ஐசோ புரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து மெதுவாகத் துடைத்து, உலரவிட்டுப் போடுங்கள். கோடு மறைந்தால் செலவு சில ரூபாய். மறையாவிட்டால் ஹெட்தான். பிளேடு, ஊசி, ஸ்க்ரூ டிரைவர் எதையும் கொண்டு சுரண்டாதீர்கள். ஒரே ஒரு புள்ளி போனால் மெல்லிய கோடுதான். ஆனால் அடுத்தடுத்துச் சில புள்ளிகள் போய், அது தொகை வரும் இடத்தில் விழுந்தால் 8 என்பது 3 ஆகிவிடும். இங்கும் அதே ஆபத்து.

விலை மலிவான தெர்மல் பிரிண்டர்களில் ஹெட்டின் விலை பிரிண்டர் விலையில் பெரும் பங்கு. மாற்றும் கூலியும் சேர்ந்தால் பழுது பார்ப்பதில் அர்த்தமில்லை. வாரண்டி முடிந்து ஹெட் போனால் புதிதே வாங்குங்கள். விலை உயர்ந்த மாடலாக இருந்தால் மட்டும் ஹெட் விலையைக் கேட்டுப் பாருங்கள். கட்டர் எனப்படும் வெட்டும் கத்தி மாட்டிக்கொண்டால் அது வேறு சங்கதி. பல சமயம் தாள்த் துண்டு சிக்கியிருக்கும். கையால் சுழற்றிக் கத்தியைப் பின்னுக்குத் தள்ளும் சிறு சக்கரம் பெரும்பாலும் இருக்கும். அதுவும் சரிவராவிட்டால் கட்டரை இயங்காமல் நிறுத்திவைத்துவிட்டு, தாளைக் கையால் கிழித்துக் கொடுத்துக்கொண்டே பண்டிகையைத் தாண்டிவிடலாம். வாடிக்கையாளர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை.

தாள் ரோல் வாங்கும்போது இரண்டு ரூபாய் மலிவுக்குச் சொரசொரப்பான தாளை வாங்கினால் அது உப்புத்தாள் மாதிரி ஹெட்டைத் தேய்க்கும். எழுத்து கறுப்பாக வர வேண்டும் என்று சூட்டு அளவை உச்சத்தில் வைப்பதும் ஆயுளைக் குறைக்கும்.

தெர்மல் எழுத்து வெயிலிலும் சூட்டிலும் வெளுத்துவிடும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குப் புத்தகங்களையும் ஆவணங்களையும் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். நமக்கு வந்த கொள்முதல் பில் தெர்மல் தாளில் இருந்தால் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

லேசர்

கணக்கு அறையில் எச்.பி. லேசர்ஜெட் 1020ஓ, கேனான் எல்.பி.பி. 2900ஓ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற கடைகள் நிறைய. உள்ளே இரண்டும் அண்ணன் தம்பி. எச்.பி.யின் முதல் லேசர்ஜெட் 1984இல் வந்தபோதே அதன் உள்ளுறுப்பு கேனான் செய்ததுதான். இரண்டு பெயர்களில் பரவிய ஒரே வகை இயந்திரம் என்பதால் இதற்குப் பாகமும் கிடைக்கிறது, பழுது பார்க்கத் தெரிந்த ஆளும் கிடைக்கிறார். ஒரு பிரிண்டரின் உண்மையான மதிப்பில் இதுவும் சேர்த்தி.

லேசரில் கோளாறு கார்ட்ரிட்ஜிலா, இயந்திரத்திலா என்று பிரிப்பதே முதல் வேலை. தாளில் ஒரே மாதிரிக் கறை சம இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுந்தால் ஸ்கேலை எடுத்து அளவுங்கள். இந்தச் சிறிய லேசர்களில் டிரம்மின் விட்டம் 24 மில்லிமீட்டர்; ஒரு சுற்று சுமார் 75 மில்லிமீட்டர். கறைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர் இருந்தால் டிரம்மில் கீறல். கார்ட்ரிட்ஜை மாற்றினால் தீர்ந்தது. அச்சான எழுத்தை விரலால் தேய்த்தால் தூள் உதிர்கிறதா? அது பியூசர், அதாவது தூளைச் சுட்டுத் தாளில் ஒட்டவைக்கும் பகுதி. பெரும்பாலும் அதிலுள்ள மெல்லிய உறை மட்டும் கிழிந்திருக்கும். அதை மட்டும் மாற்றலாம். ஸ்டேப்பிள் பின்னோடு தாளைப் போட்டதோ, சூடு தாங்காத ஸ்டிக்கர் தாளைப் போட்டதோ காரணமாக இருக்கலாம். தாளை இழுக்க மறுத்தால் ரப்பர் ரோலர் வழுவழுப்பாகியிருக்கும். ஈரத் துணியால் துடைத்தாலே சில மாதம் ஓடும், மாற்றினாலும் செலவு குறைவு. மெயின் போர்டோ, லேசர் பகுதியோ போனால் மட்டும் புதிதை யோசிக்கலாம்.

டோனர் நிரப்புவது பற்றி நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இது வழக்கு மன்றம் வரை போன விஷயம். அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் கம்பெனி தன் கார்ட்ரிட்ஜை மறுபடி நிரப்பி விற்ற ஒரு நிறுவனத்தின் மீது காப்புரிமை வழக்குப் போட்டது. பொருளை விற்றவுடன் அதன் மீது விற்றவருக்குள்ள காப்புரிமை தீர்ந்துவிடுகிறது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, இப்போது வரும் பல மாடல்களில் கார்ட்ரிட்ஜில் சிப் வைத்து வேறு கார்ட்ரிட்ஜை ஏற்க மறுக்கும்படி செய்துவிடுகிறார்கள். நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென 2022 டிசம்பரில் ஓர் இணைய தளம் தொடங்கியது. புது லேசர் வாங்குமுன் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கார்ட்ரிட்ஜ் என்ன விலை, எத்தனை பக்கம் வரும்? பிரிண்டரை மலிவாகக் கொடுத்துக் கார்ட்ரிட்ஜில் பிடித்துக்கொள்கிற வியாபாரம் இது. பழைய லேசருக்கு இரண்டாயிரம் செலவழிக்கத் தயங்கிப் புதிது வாங்கியவர், முதல் வருஷத்துக் கார்ட்ரிட்ஜ் செலவிலேயே அதைவிட அதிகம் கொடுப்பதுண்டு.

லேசரை யு.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள். பியூசர் சூடேறும்போது திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும், யு.பி.எஸ். தாங்காது.

மை டேங்க் பிரிண்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தினமும் ஒரு பக்கமாவது கலரில் அச்சிடுங்கள், ஹெட் அடைக்காது. "கழிவு மைப் பஞ்சு நிறைந்துவிட்டது" என்று பிரிண்டர் நின்றால் பயப்பட வேண்டாம். பஞ்சை மாற்றிக் கணக்கை மறு அமைப்புச் செய்தால் ஓடும். ஹெட்டே போனால், விலையைக் கேட்டபின் பெரும்பாலோர் புதிதே வாங்குகிறார்கள். அது சரிதான்.

பழுதாகாமலே மாற்ற வேண்டிய சமயம்

பிரிண்டர் நன்றாக ஓடினாலும் தொழில் மாறிவிட்டால் மாற்றத்தான் வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு, பதிவு பெற்ற வியாபாரிகளுக்கு விற்கும்போது மின்னணு இன்வாய்ஸ் கட்டாயம். அதில் அரசின் கியூ.ஆர். குறியீடு அச்சாக வேண்டும். அந்தக் குறியீட்டில் விவரம் அடர்த்தி. 9 ஊசிப் பிரிண்டரில் காய்ந்த ரிப்பனோடு அச்சிட்டால் கறுப்புத் திட்டாக வரும். எந்த போனும் படிக்காது. வழியில் அதிகாரி வண்டியை நிறுத்தினால் கஷ்டம் நமக்கும் டிரைவருக்கும். இந்த வரம்பைத் தொடப்போகிற மொத்த வியாபாரிகள் பழைய 9 ஊசிக்குப் புது ஹெட் போடுவதை விட, இன்வாய்ஸை லேசரில் எடுக்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்வது நலம். பழையதை கோடவுனில் டெலிவரி சீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இணைப்பு. பழைய டாட் மேட்ரிக்ஸில் அகலமான பாரலல் போர்ட் இருக்கும். இப்போதைய கம்ப்யூட்டர்களில் அது இல்லை. மாற்றுக் கேபிள் கிடைக்கிறது. சிலருக்கு ஓடுகிறது, பழைய டாஸ் சாப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்குப் பல சமயம் தகராறு. கம்ப்யூட்டரை மாற்றுமுன் இதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

ரிச்சி தெருவுக்குப் போகும்போது

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் பாகம் கிடைக்கும் என்பது தெரிந்ததே. அங்கே கிடைப்பதில் கம்பெனிப் பாகம், வேறு கம்பெனி செய்த பொருந்தும் பாகம், பழைய பிரிண்டரிலிருந்து கழற்றியது என்று மூன்று தினுசு உண்டு. மூன்றும் அதனதன் இடத்தில் சரிதான். உற்பத்தி நின்றுபோன மாடலுக்குக் கழற்றிய போர்டுதான் கிடைக்கும், என்ன செய்வது? ஆனால் மூன்றில் எது என்று தெரிந்து, அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும். ரோலர், பெல்ட் போன்றவற்றில் பொருந்தும் பாகம் போதும். ஹெட்டில் கம்பெனிப் பாகமே நல்லது. கழற்றி எடுத்த பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றியதா, துடைத்துத் திரும்பப் போட்டதா என்பது அப்போது தெரியும். பழக்கமான மெக்கானிக் கோபித்துக்கொள்வார் என்று கூசுகிறவர்கள், "எங்கள் ஆடிட்டர் கேட்கிறார்" என்று சொல்லலாம்!

மழையும் கடல் காற்றும்

சாந்தோம், பெசன்ட் நகர் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு உப்புக் காற்று ஒரு தனி எதிரி. கனெக்டர்களில் பச்சை பூக்கும். மெக்கானிக் "போர்டு போச்சு" என்னுமுன் கனெக்டர்களைச் சுத்தம் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தாள் ஈரம் குடித்து அடிக்கடி சிக்கும். அது பிரிண்டர் பழுதல்ல. தாள்க் கட்டைப் பிரித்தபின் மீதியைப் பிளாஸ்டிக் உறையில் மூடி வையுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றின் கரையோரப் பகுதிகளும், 2021 நவம்பர் மழையில் தி.நகரின் பல தெருக்களும் பட்ட பாட்டை மறக்க முடியாது. தண்ணீர் புகுந்த பிரிண்டரைக் காய்ந்துவிட்டதா என்று பார்க்க சுவிட்ச் போடுவதுதான் பெரும்பாலானவற்றைக் கொல்கிறது. சேற்றுத் தண்ணீர் பட்டதைத் திறந்து, நல்ல தண்ணீரில் போர்டைக் கழுவி, பல நாள் உலரவிட்டு, பவர் சப்ளையை மெக்கானிக் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். டாட் மேட்ரிக்ஸ் இப்படிப் பிழைக்க வாய்ப்புண்டு. லேசர் முழுக மூழ்கியிருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். கடை இன்சூரன்ஸ் இருந்தால் எதையும் தொடுமுன் போட்டோ எடுத்துக் கம்பெனிக்குத் தகவல் கொடுத்துவிட வேண்டும்; கழுவிவிட்டுச் சொன்னால் சர்வேயர் கேள்வி கேட்பார். பில் மேஜையில் பிரிண்டரைக் கீழ்த் தட்டில் வைக்கும் பழக்கத்தை இப்போதே மாற்றிக்கொள்ளலாம்.

எப்போது முடிவு செய்வது

ஆடித் தள்ளுபடி முடிந்து நவராத்திரி தொடங்குவதற்குள் ஒரு வாரம் கடை சற்று ஓய்வாக இருக்கும். சோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள். ஊசி, கோடு, ரோலர் எல்லாவற்றையும் அப்போது பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்றினால் பேரம் பேசவும் நேரம் இருக்கும். பண்டிகை நெருங்க நெருங்க மெக்கானிக்கின் கூலியும் ஏறும், ஆளும் கிடைக்க மாட்டார்.

புதிது வாங்க முடிவு செய்தால், எக்ஸ்சேஞ்ச் என்று பழையதற்குச் சொற்ப விலை கழிப்பதை ஏற்குமுன் யோசியுங்கள். அரைகுறையாக ஓடும் பழைய பிரிண்டர், தீபாவளிக்கு முதல் நாள் இரவு புதியது நின்றுபோனால், அந்த எக்ஸ்சேஞ்ச் தொகையைவிடப் பல மடங்கு பெறும். அதே மாடலையே புதிதாக வாங்கினால் ரிப்பன், கார்ட்ரிட்ஜ், டிரைவர் எல்லாம் ஒன்றாக இருக்கும். பழையதன் பாகங்களும் புதியதற்கு உதவும். துணி போட்டு மூடி வைத்து, மாதம் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

அதற்கும் லாயக்கில்லாதது என்றால் காயலான் கடைக்கு எடைக்குப் போட வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளில் பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் அடங்கும். பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக் கோப்பில் வையுங்கள். தீர்ந்த டோனர் கார்ட்ரிட்ஜைக் கடை வாசலில் குப்பையோடு கொளுத்துவதையும் நிறுத்த வேண்டும். அந்தத் தூள் பிளாஸ்டிக், அதன் புகையை முதலில் மூச்சில் இழுப்பவர் கல்லாவில் இருப்பவர்தான்.